பேஸ்ட் தடவலாமா? தோப்பும்படித் துறைமுகமும் இன்டேக் கேஸ்கெட்டும்

ஜூன் 9 நள்ளிரவோடு கேரளக் கடலில் இழுவலைப் படகுகளின் ஓட்டம் நிற்கிறது. 1988-ல் தொடங்கிய இந்த மழைக்காலத் தடை 2018 முதல் 52 நாள் நீள்கிறது. ஜூலை 31 நள்ளிரவில் முடிகிறது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்குத் தமிழக அரசு விதித்திருப்பது ஜூன் 1 முதல் 61 நாள். ஆகவே மட்டாஞ்சேரியை ஒட்டிய தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் அந்த இரண்டு மாதமும் மலையாளப் படகு, தமிழ்ப் படகு என்ற வேறுபாடில்லாமல் எல்லாம் கரையோடு கட்டிக் கிடக்கும். குமரி மாவட்டத் தூத்தூர்ப் பகுதியிலிருந்து வந்து கொச்சியையே தளமாக வைத்துச் சுறாவுக்கும் சூரைக்கும் ஆழ்கடல் போகிறவர்களின் படகுகளும் அவற்றில் உண்டு. கடலில் வாரக்கணக்கில் நிற்காமல் ஓடிய என்ஜின்களைப் பிரித்து மேய்வதற்கு ஆண்டில் கிடைக்கிற ஒரே அவகாசம் இதுதான்.

அப்படிப் பிரிக்கும்போது ஒவ்வொரு என்ஜினிலும் ஒரு கேள்வி எழுகிறது. சிலிண்டர் ஹெட்டுக்கும் காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவில் வைக்கும் கேஸ்கெட்டை, பட்டறைப் பேச்சில் பேக்கிங்கை, உலர்ந்தபடியே வைப்பதா, இரண்டு பக்கமும் பேஸ்ட் தடவி வைப்பதா? ஓர் ஆசான் 'தடவாமல் வைத்தால் ஏர் எடுக்கும்' என்பார். இன்னொருவர் 'கம்பெனி கேஸ்கெட்டுக்கு மேல் பேஸ்ட் வைப்பது கம்பெனிக்கே அவமானம்' என்பார். இருவரும் பல்லாண்டு அனுபவசாலிகள். இருவர் கட்டிய என்ஜினும் கடலில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பிறகு யார் சொல்வதைக் கேட்பது?

கேள்வியை 'பேஸ்ட் வேண்டுமா, வேண்டாமா' என்று கேட்கிறவரை பதில் கிடைக்காது என்பது என் கருத்து. அந்த இணைப்பின் உள்ளே என்ன ஓடுகிறது, வெளியே என்ன நிற்கிறது, நடுவில் இருக்கும் உலோக முகம் எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றையும் கேட்ட பிறகுதான் பேஸ்ட் டப்பாவைத் திறக்க வேண்டும்.

உள்ளே ஓடுவது காற்றுதான். ஆனால் எல்லா என்ஜினிலும் அது ஒரே நிலையில் இருப்பதில்லை. பெட்ரோல் என்ஜினில் கார்பரேட்டரோ த்ராட்டிலோ பாதி மூடியிருக்கும்போது, மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் உருவாகிறது. ஐட்லிங்கில் அது 18 முதல் 20 அங்குலப் பாதரச அளவு வரை போகும். இணைப்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். எரிபொருள் விகிதம் மெலியும். என்ஜின் ஒரு சீராக நிற்காமல் ஏறி இறங்கும். டர்போ இல்லாத டீசல் என்ஜினில் த்ராட்டில் கிடையாது, அதனால் பெரிய வெற்றிடமும் கிடையாது. அங்கே ஏர் எடுத்தால் ஓட்டத்தில் மாற்றம் தெரியாது. ஏர் ஃபில்டரைத் தாண்டாத காற்று போய்க்கொண்டே இருந்து, லைனரும் ரிங்கும் மெல்லத் தேயும். டர்போ உள்ள டீசலில் நிலைமை தலைகீழ்: மேனிஃபோல்டுக்குள் வெளியைவிட ஒன்று, ஒன்றரை பார் கூடுதல் அழுத்தம். அங்கே காற்று உள்ளே வருவதில்லை, வெளியே சீறுகிறது. லோடு ஏறும்போது கறுப்புப் புகை, இழுவை குறைவு, விசில் சத்தம் என்று குறிகள் தெரியும். 6 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் 2000 சுற்றில் ஓடும்போது, டர்போ இல்லாமலே நிமிடத்துக்கு ஏறத்தாழ 6,000 லிட்டர் காற்றை இழுக்கிறது. அத்தனை காற்றும் கடந்துபோகும் வாசலில்தான் இந்தக் கேஸ்கெட் உட்கார்ந்திருக்கிறது.

கேஸ்கெட் எப்படி அடைக்கிறது என்பதில் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. அது ஒட்டிக்கொண்டு அடைப்பதில்லை. போல்ட்டின் இறுக்கத்தில் நசுங்கி, இரண்டு உலோக முகங்களின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் தன்னைத் திணித்துக்கொள்கிறது. முகத்துக்கும் தனக்கும் இடையிலான உராய்வால் இடம்பெயராமல் நிற்கிறது. எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் டார்க். அலுமினிய மேனிஃபோல்டானால் கையேடு இன்னும் குறைத்துச் சொல்லலாம். அந்த இறுக்கம் எல்லாப் போல்ட்டுக்கும் சமமாகப் போக வேண்டும், நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறிமாறி, இரண்டு மூன்று கட்டமாக. இப்போது நடுவில் வழவழப்பான பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவினால் என்ன ஆகும்? உராய்வு போய்விடும். பேஸ்ட் எண்ணெய்போல் வேலை செய்ய, இறுக்க இறுக்கக் கேஸ்கெட் ஓரமாக வழுக்கிப் பிதுங்கும். டர்போ அழுத்தம் உள்ள என்ஜினில் அப்படிப் பிதுங்கிய ஃபைபர் கேஸ்கெட் ஒருநாள் அந்த இடத்தில் கிழிந்து பறந்துவிடும். பாதுகாப்புக்கென்று வைத்த பொருளே கசிவுக்குக் காரணமாவது இப்படித்தான்.

ஃபைபர் கேஸ்கெட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. சூடாகி ஆறியபின் அது கொஞ்சம் தளரும். அதனால் என்ஜினை ஓட்டி, ஆறவிட்டு, போல்ட்டுகளை மறுபடி டார்க் பார்க்க வேண்டும். கெட்டியாகிவிட்ட பேஸ்ட் நடுவில் இருந்தால் இந்த மறு இறுக்கம் அந்தப் படலத்தை உடைக்கும். உடைந்த பேஸ்ட் உடையாத கேஸ்கெட்டையும் கெடுக்கும்.

பேஸ்ட் எல்லாம் ஒரே பேஸ்ட் அல்ல. நீராவி என்ஜின் காலத்தில் ஈய வெள்ளையும் ஈயச் செந்தூரமும் ஆளிவிதை எண்ணெயில் குழைத்துத் தடவினார்கள். பிறகு அரக்கு வந்தது. நம் ஜார்க்கண்ட் காடுகளில் பூச்சி சுரக்கும் அதே அரக்குதான், ஸ்பிரிட்டில் கரைத்து உலகெங்கும் கேஸ்கெட் வார்னிஷாக விற்கப்பட்டது. பெட்ரோலையும் எண்ணெயையும் அது தாங்கும். ஆனால் காய்ந்தால் கண்ணாடிபோல் முறியும். அமெரிக்காவில் 1909-ல் தொடங்கிய பெர்மாடெக்ஸ் இந்த வகைக் கலவைகளைக் குழாயில் அடைத்து ஒரு பெருந்தொழிலாக்கியது. ரோல்ஸ் ராய்ஸ் ஜெட் என்ஜின்களுக்காக உருவான ஹைலோமர் என்ற நீலக் கலவை காய்வதே இல்லை. எப்போதும் பிசுபிசுப்பாகவே இருக்கும், பெட்ரோல், மண்ணெண்ணெய், நீர் எல்லாவற்றையும் தாங்கும். 1950களில் ஹார்ட்ஃபர்டின் டிரினிட்டி கல்லூரி வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் வணிகத்துக்குக் கொண்டுவந்த லாக்டைட் வகை வேறு தத்துவம்: காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவம், இரண்டு உலோக முகங்களுக்கு நடுவில் காற்றில்லாமல் அகப்பட்டால் கெட்டியாகும். இந்த வகையின் ஃபிளான்ஜ் பேஸ்ட்டுகள் கால் மில்லிமீட்டர்வரை இடைவெளி நிரப்பும். வெளியே பிதுங்கியது கெட்டியாகாததால் துடைத்தால் போய்விடும். அலுமினியத்தில் மட்டும் இரும்பைவிட மெதுவாகக் கெட்டியாகும்.

ஆனால் தோப்பும்படியில் யாராவது 'பேஸ்ட்' என்றால் பத்தில் ஒன்பது முறை அது அறை வெப்பத்தில் இறுகும் சிலிக்கான்தான். சென்னை நிறுவனமான அனபாண்டின் 666 தென்னிந்தியப் பட்டறைகளில் அநேகமாக அந்தப் பொருளுக்கே பெயராகிவிட்டது. நல்ல பொருள், எண்ணெய்த் தொட்டி, டைமிங் மூடி, கியர் பெட்டி இவற்றுக்கு அதன் தகுதியில் எனக்கு ஐயமில்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் சிலிக்கான் இறுகுகிறது என்பதைக் கொச்சிக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டும். ஜூன், ஜூலை மழையில் இங்கே காற்றே நீர்க்கனத்தோடு இருப்பதால் மேல்தோல் சில நிமிடங்களில் பிடித்துவிடும். தோல் பிடித்தபின் மேனிஃபோல்டை ஏற்றினால், வெளியே சரியாகத் தெரியும், உள்ளே பிடித்திருக்காது. தடவிய கையோடு போல்ட் போட வேண்டும். பிறகு ஒரு நாள் முழுக்க விட வேண்டும். நாளை கடலுக்குப் போகிற அவசரத்தில் அந்த ஒரு நாள்தான் முதலில் வெட்டுப்படுகிறது.

சிலிக்கானின் பெரிய பலவீனம் எரிபொருள். பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் நனைந்தால் அது ஊறிப் பருத்து, நூல் நூலாகப் பிய்ந்துவிடும். இதனால் யாருக்கு ஆபத்து என்று பார்க்க வேண்டுமானால் துறைமுகத்தை விட்டுத் தெற்கே செல்லானம் கடற்கரைக்குப் போக வேண்டும்.

மழைக்காலத் தடை இழுவலைப் படகுகளுக்குத்தான். பாரம்பரிய வள்ளங்களுக்கு இல்லை. கடல் மிகக் கொந்தளிப்பாக இருக்கும் அதே இரண்டு மாதம் அவுட்போர்டு மாட்டிய வள்ளங்கள் கடலுக்குப் போகின்றன. 1980களில் கேரளக் கரையெங்கும் பரவிய இந்த இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின்கள் பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடுகிறவை. இவற்றில் கார்பரேட்டர், இன்டேக் மேனிஃபோல்ட், ரீடு வால்வு, கிராங்க் கேஸ் என்று காற்று போகும் பாதை முழுக்க எரிபொருளும் உயவு எண்ணெயும் கலந்த ஈரம் இருக்கும். நான்கு ஸ்ட்ரோக்கைப்போல் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. பேரிங்கும் பிஸ்டனும் அந்தக் கலவையை நம்பியே வாழ்கின்றன.

அங்கே இணைப்பில் ஏர் எடுத்தால் இரட்டைக் கேடு. எரிபொருள் மெலிந்து பிஸ்டன் சூடேறுகிறது. அதோடு எண்ணெயும் குறைகிறது. பிளக் வெள்ளையாகிறது, த்ராட்டிலை விட்டாலும் சுற்று இறங்க மறுக்கிறது, ஒரு கட்டத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்கிறது. அலைகள் உடையும் வரம்பில் என்ஜின் நின்ற வள்ளம் என்ன ஆகும் என்று கடற்கரையில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்த அச்சத்தால்தான் பலர் கேஸ்கெட்டுக்கு மேல் சிலிக்கானை அப்புகிறார்கள். அது சில நாள் தாங்கும். பிறகு பிய்ந்த துணுக்கு ரீடு வால்வின் இதழுக்கு அடியில் போய் உட்காரும். இதழ் மூடாது, என்ஜின் ஸ்டார்ட் ஆகாது. இந்த இணைப்புகளில் சிலிக்கான் ஒருபோதும் கூடாது என்பதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறேன். முகம் சமமாக இருந்தால் புதுக் கேஸ்கெட்டை உலர்ந்தபடியே வைக்கலாம். கீறல் இருந்தால் ஹைலோமர் போன்ற காயாத, மண்ணெண்ணெய் தாங்கும் கலவையை விரலால் தேய்த்து, உலோகத்தின் நிறம் தெரிகிற அளவு மெலிதாக. பழைய அட்டைப் பெட்டியை வெட்டிப் பேக்கிங் செய்வதும், ஒருமுறை நசுங்கிய கேஸ்கெட்டை மறுபடி போடுவதும் பேஸ்ட்டால் தீரும் குறைகள் அல்ல.

இனித் துறைமுகத்தின் பெரிய டீசல்களுக்குத் திரும்புவோம். அசோக் லேலண்ட் கடல் என்ஜின்கள் நெடுங்காலம் ஆண்ட இந்தத் தளத்தில் இப்போது அதிகக் குதிரைத்திறன் கொண்ட சீன என்ஜின்களும் இடம்பிடித்துவிட்டன. இன்டேக் காற்றில் எரிபொருள் ஈரம் இல்லை என்பதால், சிலிக்கான் கரைந்துபோகும் பயம் இங்கே குறைவு. ஆனால் தாராளமாக வைத்த பேஸ்ட் உள்பக்கமும் பிதுங்கும். அந்தத் தொங்கல் ஒருநாள் அறுந்து சிலிண்டருக்குள் போகும். சிலிக்கான் எரிந்தால் மிஞ்சுவது சிலிக்கா, மணலின் மூலப்பொருள். லைனருக்குள் அதை யாரும் வேண்டுமென்று போட மாட்டார்கள்.

கொச்சியில் நிலத்து என்ஜின்களுக்கு இல்லாத ஒரு காரணம் பேஸ்ட்டுக்குச் சாதகமாக இருக்கிறது: உப்பு. என்ஜின் அறையின் காற்றிலும் சிந்தும் நீரிலும் உப்பு இருக்கிறது. வார்ப்பிரும்பு ஹெட்டின்மேல் அலுமினிய மேனிஃபோல்ட் உட்கார்ந்து, இடுக்கில் உப்புநீர் கசிந்தால் அது ஒரு சிறிய மின்கலம். இரும்பு தப்பிக்கும், அலுமினியம் கரையும். நடுவில் கிராஃபைட் கேஸ்கெட் என்றால் இன்னும் மோசம். அலுமினியத்தை அரிக்க அது இரும்பைவிட வேகமாகத் துணைபோகும். மூன்று நான்கு ஆண்டு ஓடிய மேனிஃபோல்டைக் கழற்றினால், போல்ட் துளைகளைச் சுற்றியும் வெளியோரத்திலும் வெள்ளைப் பொடி பூத்து, அடியில் அம்மைத் தழும்புகளாகக் குழி விழுந்திருக்கும். இங்கே பேஸ்ட் காற்றை அடைப்பதற்கு அல்ல, உப்பு நுழையாமல் தடுப்பதற்கு. வெளியோரத்திலும் போல்ட் துளை வளையத்திலும் காயாத கலவை மெலிதாக ஒரு பூச்சு, துறைமுகச் சூழலில் நியாயமானது. உள் துளைகளின் ஓரத்துக்கு அது போகக் கூடாது. 'தடவாமல் வைத்தால் ஏர் எடுக்கும்' என்ற ஆசானின் அனுபவத்துக்குள் இருக்கும் உண்மை இதுதான் என்று நினைக்கிறேன். அவர் பார்த்த கசிவுகளில் பெரும்பாலானவை உப்பு அரித்த முகங்களில் நடந்தவை.

டர்போக் காற்றைக் கடல்நீரால் குளிர்விக்கும் ஆஃப்டர்கூலர் மேனிஃபோல்டோடு சேர்ந்திருக்கும் என்ஜின்களில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். அங்கே நீர் இணைப்பு பழுதானால் கசிவது காற்று அல்ல, உப்புநீர். அது வால்வு இருக்கைக்கும் லைனருக்கும் நேராகப் போய்விடும். நீர்த் துளையைச் சுற்றி மட்டும் ஒரு மெல்லிய வளையமாகப் பேஸ்ட் வைப்பது என்ஜின் தயாரிப்பாளர்களும் பல இடங்களில் ஏற்கிற முறை.

இதே முறைதான் அமெரிக்க வி8 என்ஜின்களிலும். அந்த வடிவத்தில் இன்டேக் மேனிஃபோல்ட் இரண்டு ஹெட்டுகளுக்கு நடுவில் பாலம்போல் உட்கார்ந்து, நடுப்பள்ளத்தையே மூடுகிறது. முன்னும் பின்னும் பிளாக்கின்மேல் படியும் குறுகிய விளிம்புகளில் கார்க் பட்டைக்குப் பதில் சிலிக்கான் வரி போடுவார்கள். நான்கு மூலைகளில் ஒரு பொட்டு. நீர்த் துளைகளைச் சுற்றி மெல்லிய வளையம். காற்றுத் துளைகளில் எதுவும் கிடையாது. அலைபேசிக் காணொளிகளில் இதைப் பார்க்கும் இளைஞர்கள், 'அமெரிக்காவிலேயே பேஸ்ட் போடுகிறார்கள்' என்று நேர்வரிசை ஆறு சிலிண்டர் டீசலின் கேஸ்கெட் முழுக்கத் தடவிவிடுகிறார்கள். அந்த விளிம்பும் அந்தப் பள்ளமும் இந்த என்ஜினில் இல்லவே இல்லை.

கேஸ்கெட்டே சரியில்லை என்றால் பேஸ்ட் காப்பாற்றாது என்பதற்கும் அமெரிக்காவில் பெரிய சான்று உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் வி6 என்ஜின்கள் பலவற்றில் 1990களின் பிற்பகுதியில் நைலான் சட்டமும் சிலிக்கான் விளிம்பும் கொண்ட இன்டேக் கேஸ்கெட்டுகள் குளிர்நீரைக் கசியவிட்டு, உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு இழப்பீடு வாங்கும் அளவுக்குப் போனது. பின்னால் வந்த மாற்றுக் கேஸ்கெட்டுகள் நைலானைக் கைவிட்டு உலோகச் சட்டத்துக்கு மாறின.

மட்டாஞ்சேரிச் சாலைகளின் கார்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புதிய கார்களில் பிளாஸ்டிக் மேனிஃபோல்டும் பள்ளத்தில் உட்காரும் ரப்பர் வளையமும். அங்கே பேஸ்ட்டுக்கு இடமே இல்லை, சிலிக்கானின் ஆவி ஆக்ஸிஜன் சென்சாரையும் கெடுத்துவிடும். பழைய அம்பாசடரில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில், ஒரே கேஸ்கெட்டைப் பகிர்ந்துகொள்ளும். எக்ஸாஸ்ட் சூட்டில் எந்தச் சிலிக்கானும் நிற்காது. உலர்ந்த கேஸ்கெட், சமமான இறுக்கம், அவ்வளவுதான்.

இத்தனையும் சொன்னபின் எனக்கு மிக முக்கியமாகப் படுவது பேஸ்ட்டே அல்ல, முகம். ஸ்ட்ரெய்ட் எட்ஜை நெடுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்கச் சில நிமிடம் போதும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இலை நுழைந்தால் மேனிஃபோல்டை லேத்துக்கோ மில்லிங்குக்கோ அனுப்பி முகம் எடுக்க வேண்டும். அதற்கான செலவு, என்ஜினை இரண்டாம் முறை பிரிக்கும் கூலியைவிடக் குறைவு. ஆனால் தடைக்காலத்தின் கடைசி வாரத்தில் லேத்தில் வரிசை நிற்கும், முதலாளி அவசரப்படுவார், பேஸ்ட் டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சிலிக்கான் குழியை நிரப்பி ஒரு பருவத்தை ஓட்டிவிடும். அடுத்த ஜூனில் கழற்றும்போது குழி இன்னும் ஆழமாக இருக்கும், அதற்கும் இன்னும் தடிப்பாகப் பேஸ்ட் போகும். இந்தச் சுழற்சியில்தான் நல்ல மேனிஃபோல்டுகள் காயலான் கடைக்குப் போகின்றன.

பழைய பேக்கிங்கைச் சுரண்டுவதிலும் சேதம் நடக்கிறது. பவர் டூலில் உராய்வு வட்டு மாட்டித் தேய்த்தால் வேகமாகப் போகும். ஆனால் அலுமினிய முகத்தில் பள்ளம் விழும், வட்டிலிருந்து உதிரும் துகள் எண்ணெயில் கலந்து பேரிங்கைத் தின்னும்; இதைத் தவிர்க்கும்படி ஜெனரல் மோட்டார்ஸ் தன் பட்டறைகளுக்கு எழுத்தில் எச்சரித்திருக்கிறது. பேக்கிங் ஷீட்டை மேனிஃபோல்டின் மேலேயே வைத்துச் சுத்தியலால் ஓரம் தட்டி வெட்டும் பழக்கம் துளை ஓரங்களை மழுக்குகிறது. ஷீட்டில் வரைந்து கத்தரியாலும் பஞ்ச் கருவியாலும் வெட்டினால் போதும். பழைய ஷீட் அஸ்பெஸ்டாஸாகவும் இருக்கலாம். 60-க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்ட பொருளுக்கு நம் நாட்டில் இன்னும் முழுத் தடை இல்லை. உலர்ந்த நிலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் அந்த இழை மூச்சோடு உள்ளே போகும். எண்ணெயோ நீரோ ஊற்றி நனைத்து, மழுங்கிய பிளேடால் மெதுவாகச் சுரண்ட வேண்டும். குனிந்து அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் பட்டறையின் மிக இளைய பையன்; அவனுக்கு முகக்கவசம் கொடுப்பது ஆசானின் கடமை.

மீன்பிடிப் படகுகளின் பணியாளர்களுக்குப் பயிற்சி தருவதற்காகவே 1963-ல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம், இன்றைய சிஃப்னெட், கொச்சியிலேயே இருக்கிறது. தோப்பும்படியிலிருந்து சிறிது தூரம்தான். அங்கே கடல் என்ஜின் ஃபிட்டர் படிப்பு நடக்கிறது. துறைமுகப் பட்டறைகளில் வேலை பார்ப்பவர்களோ பலரும் ஆசானைப் பார்த்துக் கற்றவர்கள்; கையேடு ஆங்கிலத்திலோ சீனத்திலோ இருக்கிறது. எந்த இணைப்பு உலர்ந்தது, எதற்கு எந்தக் கலவை, எந்த போல்ட்டுக்கு எத்தனை டார்க் என்று மலையாளத்திலும் தமிழிலும் ஒரு பக்க அட்டை அச்சிட்டு, தடைக்காலம் தொடங்குமுன் ஜூன் முதல் வாரத்திலேயே பட்டறைச் சுவர்களில் ஒட்டிவிடலாம். லேத்துக்கு அனுப்ப வேண்டிய மேனிஃபோல்டுகளைத் தடையின் முதல் பத்து நாளில் கழற்றிப் பார்த்துவிட்டால் ஜூலைக் கடைசியில் யாரும் பேஸ்ட்டை நம்ப வேண்டிய நிலை வராது.